பூட்டனாரின் முதல் கல்யாணத்தைக் கோயில் புத்தகத்தில் எங்கே தேடுவது? (தேவகோட்டைப் பக்கம், 1920-களின் தொடக்கம்)

காரைக்குடிப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பழைய பதிவுகளைத் தேடிப் பழகியவர்கள் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் தேவகோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமம், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். பூட்டனார் கொத்தனார். செட்டியார் வீடுகளில் சுண்ணாம்பு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி மாதிரிச் சுவர் பூசுவார்களே, அந்த வேலை. வேலை இருக்கும் ஊரில் தங்கித் தங்கி, கடைசியில் காரைக்குடியிலேயே இருந்துவிட்டார். அவர் பெயர் அருளப்பன், அவருடைய அப்பா ராயப்பன். இது வரைக்கும் தெரியும்.

தெரியாதது எங்கள் பூட்டி. பெயர் சவரியம்மாள். என் ஐயா (அப்பாவின் அப்பா) கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பூட்டனார் இரண்டு மூன்று வருஷம் கழித்து இளைய தாரம் கட்டிக்கொண்டார். இன்று எங்களுக்குச் சொந்தம் என்று வந்துபோகிறவர்கள் எல்லோரும் அந்த இளைய தாரத்து வழி. நல்ல மனிதர்கள், அதில் குறையே இல்லை. ஆனால் என் ஐயாவைப் பெற்ற அம்மா எந்த ஊர், யார் மகள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. படம் கிடையாது, கல்லறையும் தெரியாது. அப்பாவுக்கு வயது 72. சென்ற வருஷம் உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது "எங்க அப்பத்தா ஊர் எதுன்னு தெரியாமலே போயிருவேன் போல" என்று சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது இது.

கையில் இருக்கும் தகவல்: ஐயா பிறந்தது ரக்தாட்சி வருஷம் என்று சொல்வார், அதாவது 1924 ஏப்ரலுக்கும் 1925 ஏப்ரலுக்கும் நடுவில். கல்யாணம் "விஷக்காய்ச்சலுக்கு அப்புறம்", அதாவது 1918-இல் வந்த இன்ஃப்ளூயன்சாவுக்குப் பிறகு. மாப்பிள்ளை வீட்டார் ஐந்தாறு வண்டி கட்டிக்கொண்டு கிழக்கே போனார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

சொந்தப் பங்குக் கோயிலில் போய்க் கேட்டேன். சாமியார் நல்லவர், கோயில் பிள்ளையைக் கூட்டி அலமாரியைத் திறந்து கொடுத்தார். ஆனால் எல்லாம் லத்தீன், பக்கமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. 1918 முதல் 1925 வரை கல்யாணப் புத்தகத்தை விரலை வைத்து வைத்துப் பார்த்தேன், அருளப்பன் என்று ஒரு பெயர்கூட இல்லை. ஐயாவின் ஞானஸ்நானமும் அங்கே இல்லை. அவர் அங்கே பிறந்தவர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தோம். கல்யாணமே பதியாமல் போயிருக்குமா? நான் பார்த்த விதம் தப்பா? வழி சொல்லுங்கள்.

பழம்பதிவேடு:

தங்கச்சி, பதியாமல் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நான் ஒரு பங்கில் பன்னிரண்டு வருஷம் எழுத்து வேலை பார்த்தவன். கல்யாணத்தைப் புத்தகத்தில் எழுதுவது 1563-இல் திரெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம்) போட்ட கட்டளை. மழை, பஞ்சம், காய்ச்சல் எது வந்தாலும் அந்தக் காலத்துச் சாமியார்கள் அதை விடமாட்டார்கள். நீங்கள் தேடிய பெயர்தான் தப்பு, அப்புறம் தேடிய கோயிலும் தப்பாக இருக்கலாம்.

முதலில் பெயர். அருளப்பன் என்று தேடினால் கிடைக்காது. அருளப்பர் என்றால் யோவான். லத்தீனில் எழுதும் சாமியார் அதை "ஜோவான்னெஸ்" என்றுதான் எழுதியிருப்பார். அதே மாதிரி ராயப்பர் இராயப்பர் எல்லாம் பேத்ருஸ், சின்னப்பர் பவுலுஸ், சூசை யோசேபுஸ், இன்னாசி இக்னாசியுஸ், சவரி சவேரியுஸ், பெண்ணாக இருந்தால் சவேரியா. யாகப்பன், சந்தியாகு இரண்டும் யாக்கோபுஸ். ஞானப்பிரகாசம் வந்தால் அலோய்சியுஸ் என்று பாருங்கள், இதை யாருமே ஊகிக்கமாட்டார்கள். தேவசகாயம் லாசருஸ். ஆகவே நீங்கள் தேட வேண்டியது பேத்ருஸின் மகன் ஜோவான்னெஸ், பெண் பக்கத்தில் சவேரியா.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் பக்கம் ஓரியூர் பக்தி அதிகம். 1693-இல் அங்கே தலை வெட்டுண்ட அருளானந்த சாமி பெயரும் ஜோவான்னெஸ்தான் (ஜான் தெ பிரிட்டோ). அதனால் அருளானந்து, அருளப்பன் இரண்டு பேரும் புத்தகத்தில் ஒரே பெயரில் நிற்பார்கள். அப்பன் பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். உங்களுக்கு ராயப்பன் என்ற பெயர் தெரிந்திருப்பது பெரிய பலம்.

பெயரின் வாலும் மாறும். "ஜோவான்னெம்" என்று இருந்தால் பயப்படாதீர்கள், வேற்றுமை உருபு, அவ்வளவுதான். "ஃபிலியுஸ் பேத்ரி" என்றால் பேத்ருஸின் மகன். "ஃபிலியா" மகள். "வீதுவுஸ்" மனைவியை இழந்தவர், "வீதுவா" விதவை. "தெஸ்தெஸ்" என்ற சொல்லுக்குப் பிறகு வரும் இரண்டு பெயரும் சாட்சிகள், பெரும்பாலும் அதில் ஒருவர் உபதேசியாராக இருப்பார். எல்லாச் சாமியாரும் இப்படி லத்தீனாக்கி எழுதினார்கள் என்றும் சொல்ல முடியாது. சிலர் தமிழ்ப் பெயரையே ரோமன் எழுத்தில் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். சருகணியில் 1973-இல் இறந்த லெவே சாமியாரைப் போலப் பிரான்சிலிருந்து வந்த சேசு சபைக்காரர்கள்தான் அன்றைக்கு இந்தப் பக்கம் நிறைய. அவர்கள் கையில் முத்துவின் ஒவ்வொரு உகரமும் ஓ-யூ என்று இரண்டு எழுத்தாகும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.

அடுத்தது கோயில். கல்யாணம் பொதுவாகப் பெண் வீட்டுப் பங்கில்தான் நடக்க வேண்டும் என்பது சபைச் சட்டத்திலேயே இருந்தது. வண்டி கட்டிக் கிழக்கே போனார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்திருப்பார்களே தவிர, கல்யாணம் அங்கே பதிவாகியிருக்காது.

பெண் ஊரே தெரியாதபோது எங்கே போவது என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. 1908 ஈஸ்டர் முதல் ரோமாபுரியின் ஓர் உத்தரவு நடப்புக்கு வந்தது. யாருக்குக் கல்யாணம் ஆனாலும், அவர் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலுக்குத் தகவல் அனுப்பி, அங்கே அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும். யாரோடு, எந்தத் தேதி, எந்தக் கோயில். எனவே கல்யாணப் புத்தகத்தை விடுங்கள். சொந்தப் பங்கில் உங்கள் பூட்டனாரின் ஞானஸ்நானத்தைத் தேடுங்கள், 1895 முதல் 1904 வரை பாருங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கும்.

ராம்நாட்டான்:

கோயில் கோயிலாக அலைவதற்கு முன்னால் அரசாங்கப் பதிவையும் பாருங்கள். 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 30-வது பிரிவு: கத்தோலிக்கக் குருக்கள் நடத்திய கல்யாணங்களின் விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பதிவாளர் நாயகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பிரதிகள் இப்போது பதிவுத்துறையின் பொறுப்பில், சென்னை சாந்தோமில் அலுவலகம். நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். வருஷம் தெரியாமல் கேட்டால் தேடமாட்டார்கள், அதைச் சரியாகக் குறித்துக்கொண்டு போங்கள். ஜில்லாவையும் கவனியுங்கள். ராமநாதபுரம் ஜில்லா 1910-இல்தான் பிறந்தது, சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985. உங்களுக்கு வேண்டியது ராமநாதபுரம்.

லண்டனில் இருக்கும் மதராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவுகளைப் பற்றி யாராவது சொல்வார்கள். அதில் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர்தான். நம் ஊர்க் கொத்தனாரை அங்கே தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

பழம்பதிவேடு:

ராம்நாட்டான் சொன்ன சட்டம் சரி. ஆனால் அந்தப் பிரதியில் ஓரக்குறிப்பு இருக்காது, இந்தத் தங்கச்சிக்கு வேண்டியதே அந்த ஓரக்குறிப்புதான். பெண் ஊர் தெரிந்த பிறகு சான்றிதழ் வேண்டுமென்றால் அந்த வழியில் போகட்டும்.

விடுபட்ட ஒன்று. இளைய தாரத்தின் ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த இரண்டாம் கல்யாணப் பதிவையும் பாருங்கள். "வீதுவுஸ்" என்று எழுதிப் பக்கத்தில் இறந்த மனைவி பெயரும் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் சொல்லும் பெயர் சரியா என்று அதில் உறுதியாகும்.

கண்டனூர் ஆச்சி:

ஆத்தா, நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை, நகரத்தார் வீட்டுப் பெண். என் பேத்தி இந்தப் பக்கத்தைக் காட்டினாள், படித்ததும் மனசு கேட்கவில்லை.

எங்களில் கல்யாணம் ஆனால் எங்கள் நகரக் கோயிலிலிருந்து மாலை வரும், ஒன்பது கோயிலில் எது எங்களுடையதோ அங்கே ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம், என்று கணக்கில் ஏறும். இசைபிடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதுவோம், இசைகுடிமானம் என்றும் சொல்வதுண்டு. என்னைப் பெற்ற ஆத்தாளின் முறைச்சிட்டை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, எத்தனை தூக்குச்சட்டி கொடுத்தார்கள் என்பது வரைக்கும். அதனால் ஒரு பெண்ணுடைய பிறந்த ஊர் காணாமல் போவது என்பது எனக்கு நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். உன் ஐயா தலைப்பிள்ளை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே நடக்கும்? ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ கூட்டிப்போயிருப்பார்கள். உங்கள் வழக்கப்படி பிள்ளை பிறந்து சில நாளிலேயே தண்ணீர் ஊற்றிவிடுவார்கள் என்று எங்கள் வீட்டில் வேலை பார்த்த அம்மா சொல்வார். அப்படியென்றால் உன் ஐயாவின் ஞானஸ்நானம் தகப்பன் ஊரில் எப்படி இருக்கும்? அது அவர் அம்மா ஊர்க் கோயிலில்தான் இருக்கும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இறந்தார் என்கிறாய், ஒருவேளை புகுந்த வீட்டுக்குத் திரும்பியே வரவில்லையோ என்னவோ. கல்யாணம், பிள்ளை, சாவு மூன்றும் ஒரே கோயில் புத்தகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உன் பூட்டனார் எந்தச் செட்டியார் வீட்டில் வேலை பார்த்தார் என்று தெரிந்தால் அதையும் கேட்டுப் பார். பழைய வீடுகளில் கட்டுமானக் கணக்குப் பேரேடு இருக்கும். கொத்தன் கல்யாணத்துக்கு முன்பணம், வேட்டி துண்டு என்று எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுப் பேரேட்டில் தச்சு ஆசாரி மகள் காதுகுத்துக்குக் கொடுத்த ரூபாய்கூட இருக்கிறது. தேதி அதிலிருந்தும் கிடைக்கும்.

காரைக்குடிப் பேத்தி:

ஆச்சி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அந்தப் பிள்ளை சொல்றது சரிதான், இது நமக்குத் தோணலையே" என்றார். (உங்களைப் பிள்ளை என்றதற்கு மன்னிக்கவும், அவருக்கு எல்லோரும் பிள்ளைதான்.)

பழம்பதிவேடு அண்ணன் சொன்னபடி ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்தேன். சாமியார் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார விட்டார். பேத்ருஸ் மகன் ஜோவான்னெஸ் இரண்டு பேர் இருக்கிறார்கள்! ஒருவர் 1897, இன்னொருவர் 1900. முதல் பதிவின் ஓரம் காலி. இரண்டாவதின் ஓரத்தில் இரண்டு குறிப்பு, வேறு வேறு மையில், வேறு வேறு கையெழுத்தில். எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தேன். மேலே இருப்பது: "மத்ரிம். கொந்த்ர. கும் சவேரியா ஃபில். இக்னாசீ", பிறகு "29 யான். 1923", பிறகு "இன்" என்று ஒரு சொல், அதற்கு அப்புறம் ஊர்ப் பெயர். ஊர்ப் பெயர் முழுவதும் தைத்த இடத்துக்குள் போய்விட்டது, முதல் இரண்டு எழுத்துதான் தெரிகிறது. கீழே இருப்பது 1927 தேதி, எங்களுக்குத் தெரிந்த இளைய தாரத்தின் பெயர், அவருடைய ஊர். ஆகவே ஆள் இவர்தான், சந்தேகமே இல்லை.

கைநடுக்கத்தோடு எழுதுகிறேன். "இக்னாசீ" என்றால் பூட்டியின் அப்பா பெயர் இன்னாசியா? தையலைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாமா?

பழம்பதிவேடு:

விரிக்கவே கூடாது. நூறு வருஷத்துக் காகிதம், ஒரு தடவை கிழிந்தால் அடுத்த வீட்டுக்காரரின் பூட்டனும் சேர்ந்து போய்விடுவார். போனில் டார்ச்சை ஏற்றி மேலே இருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள், பேனா அழுத்திய தடம் நிழலாகத் தெரியும். சாமியாரே புத்தகத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். படம் எடுக்க வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அதிலும் உங்கள் பதிவை மட்டும். பக்கத்துப் பதிவில் யாருடைய குடும்ப விஷயம் இருக்கிறதோ, நமக்குத் தெரியாது.

ஆமாம், இன்னாசியின் மகள் சவரியம்மாள். இன்னாரைக் கல்யாணம் செய்தார் என்பதுதான் அந்த முதல் வரி. 1923 ஜனவரி 29 திங்கட்கிழமை, தை மாதம். அந்த வருஷம் பிப்ரவரி 14 சாம்பல் புதன், அன்றோடு தபசு காலம் ஆரம்பித்துவிடும், ஈஸ்டர் முடியும் வரை ஆடம்பரமாகக் கல்யாணம் மந்திரிக்கமாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்கள் ஆகமன காலம், அதிலும் கிடையாது. அதனால் இந்த மாதிரிப் புத்தகங்களில் தைக் கல்யாணங்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். உங்கள் தேதி அந்த வரிசையில் சரியாக உட்காருகிறது.

ஊரைப் பிடிப்பதற்கு ஒன்று செய்யுங்கள். இன்றைக்கு இருக்கும் பங்குகளின் பட்டியலை வைத்துத் தேடாதீர்கள். இன்றைய பங்கு பல அன்றைக்குக் கிளைக் கிராமம், புத்தகம் தாய்ப் பங்கில் இருந்தது, பிரிந்த பிறகும் பழைய புத்தகம் தாய்ப் பங்கிலேயே தங்கிவிட்டது. மறைமாவட்டமும் அப்படித்தான். சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல் மதுரையிலிருந்து பிரிந்தது, மதுரை 1938-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. 1923-இல் நம் பக்கத்துக்கு ஆயர் திருச்சியில் இருந்தார். அதிலும் சில கோயில்கள் அவருக்குக் கீழே இல்லை, போர்ச்சுக்கல் ராஜாவின் பழைய உரிமைப்படி மயிலாப்பூர் ஆயருக்குக் கீழே, கோவா சாமியார்கள் கையில் இருந்தன. 1928-இல் ரோமாபுரிக்கும் போர்ச்சுக்கலுக்கும் உடன்படிக்கை ஆன பிறகுதான் அந்த இரட்டை ஆட்சி முடிந்தது. அந்தக் காலத்து மெட்ராஸ் கத்தோலிக்க டைரக்டரியில் வருஷா வருஷம் பங்குகளின் பட்டியல் உண்டு. அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வண்டிப் பாதையோடு பொருத்திப் பாருங்கள்.

எதுவும் சரிவராவிட்டால் கொடைக்கானல் செண்பகனூரில் சேசு சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. சாமியார்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அங்கே. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

காரைக்குடிப் பேத்தி:

மூன்று வாரம் ஆகிவிட்டது. கிடைத்துவிட்டது.

டார்ச் பிடித்ததில் மூன்றாவது எழுத்தும் தெரிந்தது. அதற்குமேல் டைரக்டரி வரைக்கும் போகவே தேவைப்படவில்லை, அப்பாவே அந்த மூன்று எழுத்தைக் கேட்டதும் ஓர் ஊரைச் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது கருவாடு வாங்கத் தொண்டிப் பக்கம் போகும் வழியில் அந்த ஊரில் ஐயா ஒரு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி, கோயிலுக்குள் தனியாகப் போய்விட்டு வந்தாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஐயாவும் சொல்லவில்லை. (ஊர்ப் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார், அங்கே இப்போது சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.)

அந்த ஊர் இன்றைக்குத் தனிப் பங்கு, ஆனால் 1923-இல் இல்லை. அண்ணன் சொன்ன மாதிரியே புத்தகம் தாய்ப் பங்கில் இருந்தது. கல்யாணப் பதிவை நான்கு வரியில் எழுதியிருக்கிறார்கள். பேத்ருஸ் மகன் ஜோவான்னெஸ், இன்ன ஊர். இக்னாசியுஸ் மகள் சவேரியா, இன்ன ஊர், தாய் மக்தலேனா. மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. அப்புறம் ஒரு வரி எனக்குப் புரியவில்லை: "கும் திஸ்பென்ஸ். இன் 2 கிராது கொன்சாங்." இரண்டு சாட்சிகள், ஒருவர் கையெழுத்து, இன்னொருவர் கைநாட்டு. பூட்டனார் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தமிழில், எழுத்துக் கூட்டி "அருளப்பன்" என்று. நூறு வருஷத்துக்கு அப்புறமும் மை கறுப்பாகவே இருக்கிறது. பூட்டி கைநாட்டு. அந்தச் சின்ன ரேகையின் பக்கத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன், தொடவில்லை.

ஆச்சி, நீங்கள் சொன்னதும் அப்படியே. அடுத்த அலமாரியில் ஞானஸ்நானப் புத்தகம். 1924 ஆகஸ்டில் ஐயா. ஞானத்தாயாக நின்றது அதே மக்தலேனா, அவருடைய அம்மாயி. மரணப் புத்தகத்தில் அதே மாதக் கடைசியில் சவேரியா, ஜோவான்னெஸ் மனைவி, வயது 19. பிள்ளை பிறந்து பதினோரு நாள். நீங்கள் நினைத்தது போலவே அவர் திரும்பி வரவில்லை.

அந்த "2 கிராது" என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

பழம்பதிவேடு:

தங்கச்சி, அந்த ஒரு வரிதான் உங்கள் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய பெரிய செய்தி.

"திஸ்பென்ஸ்." என்றால் விலக்கு, "கிராது" என்றால் படி, "கொன்சாங்." என்றால் இரத்த உறவு. நெருங்கிய சொந்தத்தில் கட்டிக்கொள்ள ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும், வாங்கினதைப் புத்தகத்தில் எழுத வேண்டும். அந்தக் காலத்துக் கணக்கில் இரண்டாம் படி என்றால் மாமன் மகள் அல்லது அத்தை மகள். அக்காள் மகளாக இருந்தால் "இரண்டாம் படி, முதலாவதைத் தொட்டு" என்று கூடவே எழுதியிருப்பார்கள், இதில் அது இல்லை. இப்போதைய சட்டத்தில் எண்ணும் முறை மாறிவிட்டது, அதே அத்தை மகளை நான்காம் படி என்பார்கள், குழம்பிவிடாதீர்கள்.

அதாவது உங்கள் பூட்டி யாரோ ஊர் தெரியாத வீட்டுப் பெண் இல்லை. பூட்டனாரின் அத்தை மகளோ மாமன் மகளோ. ராயப்பனுக்குத் தங்கையோ அக்காளோ மதலேன் என்ற பெயரில் இருந்தாரா என்று அப்பாவிடம் கேளுங்கள். விலக்குக் கேட்டு எழுதின விண்ணப்பத்தில் வம்சக்கொடி வரைந்து அனுப்புவது வழக்கம். அது திருச்சி ஆயர் இல்லத்தில் இருந்தால் இன்னும் இரண்டு தலைமுறை மேலே போகலாம்.

காரைக்குடிப் பேத்தி:

இருந்தார். மதலேனம்மாள், ராயப்பனின் தங்கை. "கிழக்கே கட்டிக் கொடுத்துப் பேச்சுவார்த்தை நின்றுபோன அத்தை" என்று ஒரு கதை எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு, ஏன் நின்றது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. பெற்ற மகளைப் பதினோராம் நாளில் பறிகொடுத்தவர், கட்டின மாப்பிள்ளை மூன்று வருஷத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். எப்படிப் பேசுவார் என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஐயாவை யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எத்தனை மாதத்தில் வந்தார் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

போன ஞாயிறு அப்பாவைக் காரில் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம். இன்னாசியின் மகன் வழிப் பேரன் ஒருவர் இருக்கிறார், அப்பாவுக்கு ஐந்து வயது இளையவர். வாசலில் நின்று யார் என்று விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் "மாப்பிள்ளை வீட்டு ஆளா, உள்ளே வாங்க" என்றார். கல்லறையில் சிலுவை எதுவும் மிஞ்சவில்லை, பழைய பாகம் இது என்று ஒரு வேப்பமரத்தடியைக் காட்டினார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்கள் கோயிலில் இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் "சவரியம்மாள்" என்று ஒற்றைச் சொல்லாகத்தான் எழுதிக் கொடுப்போம். இந்தத் தடவை அப்பாவே எழுதினார். இன்னாசி மதலேன் மகள் சவரியம்மாள் என்று, ஊர்ப் பெயரோடு.

கண்டனூர் ஆச்சி:

ஆத்தா, அந்த வேப்பமரத்தடியில் ஒரு கல் நடுங்கள். கல் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுது, எங்கள் ஊரில் நல்ல கைகள் இருக்கிறார்கள்.